ஊசியக்கா திருப்பி அனுப்புன கடுதாசி

இது சத்தியமா நடந்த கத. பாதி இதே ரூம்ல இஸ்திரி தேச்சுகிட்டே, பாதி கோர்ட்டுல, நான் கண்ணால பாத்தது. அப்படிச் சிரிக்காதீங்க தபால்காரரே! சரி, அங்கங்க கொஞ்சம் இழுத்திருப்பேன். சுருங்குன துணிய இழுத்துத்தான தேய்க்கணும்? பைய இறக்கி வச்சுட்டு உக்காருங்க. உங்க சட்டைக்கு இன்னும் ரெண்டு பொத்தான் பாக்கி. துணி வாங்க வந்து நிக்கிறவங்களும் கேளுங்க.

அந்தா, மெஷின மிதிச்சுகிட்டே என்ன மொறைக்குதே, அதான் கதாநாயகி, ஊசியக்கா. வாயத் தொறந்தா குத்தும்னு தெருவே வச்ச பேரு. ஒருதடவ இது திட்டுனதுல தெருவிளக்கு தானா அணஞ்சு போச்சு.

இந்த வீடு அதோட கூடப்பொறந்த மூத்த அக்காவோடது. அந்தம்மாவுக்குப் புருஷனும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுக்க. குளிப்பாட்டுனது, சோறு ஊட்டுனது எல்லாம் நம்ம ஊசியக்காதான். "முன்ரூம் ஒனக்குத்தான்டி"ன்னு சொல்லிட்டுத்தான் அந்தம்மா கண்ண மூடுச்சு. நாலு மாசம் கழிச்சு அண்ணங்காரன் வந்து வாசல்ல நிக்கிறான்.

"மெஷினத் தூக்கிட்டுக் கெளம்பு. அக்கா எல்லாத்தயும் எனக்கு உயில் எழுதிட்டா."

"வெரல மடக்க முடியாதவ எதால எழுதுனா, மூக்காலயா?"

"கோர்ட்டுலயே முடிஞ்சு போச்சு. போய்க் கேட்டுக்க."

முடிஞ்சிருந்தா ரூம் போச்சு, முடியலன்னா தடுக்கலாம். அதத் தெரிஞ்சுக்க ஊசியக்கா கோர்ட்டுக்குக் கெளம்புச்சு. தொணைக்கு நான். அங்க கூரையத் தொடுற அளவுக்கு ஃபைலு, நடுவுல ஒரு குமாஸ்தா. தல நிமிரல.

"செத்தவங்க பேரு, செத்த தேதி, வீட்டு விலாசம். எழுதிக் குடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"ரெண்டு நாளா? அதுக்குள்ள ஒரு ஊருக்கே சட்ட தச்சுடுவேன்."

"தச்சுட்டு வாங்க."

ரெண்டு நாள் கழிச்சுப் போனோம். மெத்த கனத்துக்கு ஒரு ரிஜிஸ்டர். புரட்டுனாரு, நிறுத்துனாரு.

"இருக்கு. உயில் செல்லும்னு உத்தரவு கேட்டு உங்க அண்ணன் மனு போட்டிருக்காரு. இன்னும் உத்தரவு ஆகல. வர்ற வியாழக்கிழம விசாரண. யாரும் ஆட்சேபிக்கலன்னா அன்னைக்கே ஆயிடும்."

"கூடப்பொறந்தவ எனக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"ரெண்டு தடவ நோட்டீஸ் அனுப்பியாச்சு. இந்தா பாருங்க."

கவரு மேல 'வாங்க மறுத்தார்'னு முத்து முத்தா, இதோ உக்காந்திருக்காரே, நம்ம தபால்காரர் கையெழுத்து. அவருக்கே தெரியுமே, பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் பேரு மேல இருந்தா, கோர்ட்டு கவரானாலும் இந்தம்மா வெரலால கூடத் தொடாது. நெருப்பப் பாத்த மாதிரி "கொண்டு போய்யா"ன்னு வெரட்டும். அது அண்ணனுக்கும் தெரியும். தங்கச்சி கோவத்த டேப்பு வச்சு அளந்து வச்சிருந்தான் அந்தாளு!

குமாஸ்தா சொன்னாரு, "மறுத்தாலும் வாங்குன கணக்குதான். இப்பவாவது ஆட்சேபணை எழுதுங்க. முன்னாடியே ஏன் வரலன்னு ஜட்ஜு கேப்பாரு, அதுக்கும் காரணம் எழுதுங்க."

ஊசியக்கா அரமணி நேரம் யோசிச்சுச்சு. நாலு பேனாவ மென்னு தின்னுடுச்சு. கடசியில ஒரே ஒரு வரி. நான் தோள் வழியா எட்டிப் பாத்தேன். 'தபால்காரர் கடிதத்தைக் கொண்டு வரவே இல்லை.'

அட, மெஷின் ஏன் நின்னுபோச்சு? தபால்காரரே, எங்க எந்திரிக்கிறீங்க?

"ஏம்மா, நான் கொண்டு வரல? கத்திரிக்கோல எம்மேல வீசுனது யாரு?"

"வீசல, கை தவறுச்சு!" இது அக்கா.

"ரெண்டு தடவையுமா? எனக்கு வேல போயிடும்மா!"

"எனக்கு வீடே போவுதுய்யா!"

"வியாழக்கிழம நானும் வர்றேன். உன் அண்ணன் பக்கத்துலயே நிக்கிறேன்."

"நில்லு, மாலையும் போட்டுக்க! டேய் இஸ்திரி, அந்தப் பெட்டிய ஒன் நாக்குல வச்சுத் தேய்க்கிறேன் இரு!"

அய்யய்யோ, அந்த ஒரு வரி மட்டும் நான் இழுத்துச் சொன்னதுங்க!

தபால்காரர் என் சட்டையப் புடிக்கிறாரு. "எது இழுவ, எது நெசம்? ஜட்ஜு முன்னாடி வந்து சொல்லுடா!"

ஊசியக்கா என் கையப் புடிச்சு இழுக்குது. "சொல்லித்தான் பாரேன்!"

ஏங்க, பாத்துகிட்டு நிக்கிறீங்களே, யாராவது வெலக்கி விடுங்கய்யா!