காக்கர் ஸ்பேனியலின் இடது காது

நாயைத் தொடுவதற்கு முன் சீப்பு அக்கா அதைக் கூட்டி வந்தவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு புறங்கையை நாயின் மூக்கருகே நீட்டியபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "பீகிளா? மூக்கு போற வழியிலதான் புத்தி போகும். கதவைச் சாத்தி வைங்க." "லாப்ரடாரா? திருடன் வந்தா டார்ச் அடிச்சு வழி காட்டும். சாப்பாட்ட மட்டும் பூட்டி வைங்க."

ஐம்பது வயதுக்காரர். நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் சீப்பு அக்கா. என்னைவிட இருபது வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான்.

முன்கைகளில் வெள்ளைத் தழும்புகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம் உண்டு. "இது பெர்ஷியன், பாக்கப் பஞ்சு மெத்தை. இது சயாமீஸ், வாயும் ஓயாது கையும் ஓயாது." என் பூனைக்கு இனம் ஏதும் கிடையாது. "இது உங்கள மாதிரிதாம்மா. வேலை முடிஞ்சா எழுந்து போயிடும்" என்றார்.

குளித்து முடித்த நாய்களுக்குக் காது முடியில் ரிப்பன் கட்டி அனுப்புவது அவர் பழக்கம். ரிப்பன் நழுவாமலிருக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ரப்பர் பாண்டு. பொட்டலம் பொட்டலமாக வரவழைப்பார். அந்த நிறம் ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை.

என் பூனைக்கு நகம் வெட்டப் போயிருந்த அன்று ஓர் அப்பாவும் ஏழு வயது மகளும் நீளத் தொங்கும் காதில் முடி அடர்ந்த தங்கள் காக்கர் ஸ்பேனியல் நாயோடு வந்தார்கள். "குழந்தை இருக்கற வீட்டுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது சார். காதைப் பிடிச்சு இழுத்தாக்கூட வாலைத்தான் ஆட்டும்" என்று சொல்லி அதை வாங்க வைத்தவரே அக்காதான். அன்றும் அது வாலை ஆட்டிக்கொண்டுதான் மேசையில் ஏறியது.

எனக்கு முதலில் வாடை வந்தது. முதியோர் இல்லத்தில் முப்பது ஆண்டுகள் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நான். அந்த வாடையை மறக்க முடியாது. "இடது காதைப் பாருங்க" என்றேன்.

அக்கா முடியை விலக்கினார். காது நுனி கறுத்து, காய்ந்த தோல் துண்டாகத் தொங்கியது. அதற்குச் சற்று மேலே ஏதோ சதைக்குள் புதைந்து இறுக்கியிருந்தது. நாயின் வால் அப்போதும் நிற்கவில்லை.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "நீதானே கட்டுன? பொம்மைக்குக் கட்ற மாதிரி இதுக்கும் கட்டுனியா?"

"நான் இல்லப்பா."

"பொய் சொன்னே, நாளைக்கே நாயை யாருக்காவது குடுத்துருவேன்."

சிறுமி அழவில்லை. நாயின் முன்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா முனை மழுங்கிய கத்தரியை நுழைத்து வெட்டி, இடுக்கியால் அதை உருவி, உள்ளங்கையில் வைத்துத் துடைத்தார். ஆரஞ்சு நிறம். மூன்று வாரத்துக்கு முன் ரிப்பன் கட்டியபோது முடியோடு காது நுனியும் மாட்டியிருக்கிறது. ரிப்பன் உதிர்ந்த பிறகு ரப்பர் பாண்டு முடிக்குள் மறைந்துவிட்டது. எனக்கு விளங்கியது, அந்த அப்பாவுக்கு விளங்கவில்லை. அக்கா கையை மூடியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் கையை நீட்டினார். உதடு வெளுத்திருந்தது. "பாப்பாவைத் திட்டாதீங்க சார். இது என் கடை ரப்பர் பாண்டு. நான் போட்டது."

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் அப்பா.

"பூனையா இருந்தா அன்னைக்கே என்னைக் கிழிச்சிருக்கும், காதும் பொழைச்சிருக்கும். சாதுன்னு நான்தான் சொன்னேன். கடைசிவரைக்கும் சாதுவாவே இருந்துடுச்சு."

கால்நடை டாக்டர் கறுத்த நுனியை வெட்டி எடுத்துவிட்டார். மிச்சமிருந்த பொட்டலங்களை அக்கா குப்பையில் போட்டார். அந்த வீட்டார் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்றே நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, மகள் இழுத்த இழுப்புக்கு அப்பா வந்தார். நாய் அக்காவைக் கண்டதும் வாலை ஆட்டியது.

குளிப்பாட்டித் துவட்டியதும் அக்கா இப்போது ரிப்பன் தேடுவதில்லை. காதை அடியிலிருந்து நுனிவரை இரண்டு விரலால் தடவிப் பார்க்கிறார். வலது காதைப் பார்த்தார். பிறகு இடது. காது முடிந்த இடத்தில் விரல்கள் நிற்கவில்லை. இன்னும் அரை அங்குலம் வெறுங்காற்றில் போய், அங்கே ஒன்றையொன்று தொட்டு நின்றன.