கயிறு கட்டிய இடது பக்கம்

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்பவனுக்குச் சீப்பு என்று பெயர். வைத்தவன் நான்தான். நான் அங்கே தண்ணீர்க் குழாய்களைக் கவனிப்பவன். விடிந்ததும் அவன் நீளமான கழியால் புல் மேலிருக்கும் பனியைத் தட்டி விடுவான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பெயர் அவனுக்குப் பிடிக்கவும் செய்தது. புல்லைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நாலாம் குழியின் டீ பாக்ஸ்தான் அவன் உயிர். டீ பாக்ஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, முதல் அடி அடிப்பதற்காக மேடாக்கிப் புல் வளர்த்த தரை. மற்ற குழிகளுக்கெல்லாம் அது ஒரு அறையின் அகலம்தான். நாலாவதற்கு மட்டும், மைதானத்தை வரைந்த பொறியாளர் அம்மா ஏனோ தாராளமாக அகலத்தை அள்ளிக் கொடுத்திருந்தார். அதில் எங்கே நின்று அடிப்பது என்பதை இரண்டு மரக்கட்டைகள் சொல்லும். ஆட வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவில்தான் பந்தை வைக்க வேண்டும். காலையில் அந்தக் கட்டைகளை இடம் மாற்றி வைப்பது சீப்பின் வேலை.

ஒவ்வொரு அடிக்கும் மட்டை ஒரு பிடி புல்லை மண்ணோடு பெயர்த்துப் போடும். சீப்புக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். அதனால் அந்த மேடையின் இடது பாதியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டான். கட்டைகள் வலது பாதிக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்ந்தன. வலது பாதி சொட்டைத் தலையாகிவிட்டது. இடது பாதி, விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த அறை மாதிரி, யாருக்கும் பயன்படாமல் பளபளவென்று இருந்தது. பெரிய மனிதர்கள் யார் வந்தாலும் கூட்டிப்போய் அதைக் காட்டுவான். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பச்சையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவன் மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சில் கறார், ஆட்டத்தில் சுமார். ஊழியர் குடும்பங்களை ஆட விடும் கிழமையில் தவறாமல் வந்துவிடுவார். மூன்று குழி வரை ஒப்பேற்றிவிடுவார். நாலாவதில் குளம் குறுக்கே வரும். வலது பக்கம் நின்றால் குளத்தைத் தாண்டி அடித்தே ஆக வேண்டும். சுற்றிப் போகலாமென்றால் மரங்கள் மறைக்கும். அவர் அடி அவ்வளவு தூரம் போகாது. வாராவாரம் பந்து தொப்பென்று தண்ணீரில் விழும், பின்னால் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து சீப்பும் சிரித்துவிட்டான். மாமனார் திரும்பி அவனைப் பார்த்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைத் திருகினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கை போய்விட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அடுத்து கார் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். பேத்தி கையை நீட்டினால்கூட, கீழே போட்டுவிடுவேன் என்று தூக்குவதில்லையாம். மகள் அழுதிருக்கிறாள். வயதானால் அப்படித்தான் என்று சீப்பு அவளுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறான். இதெல்லாம் சாப்பாட்டு வேளையில் அவனே என்னிடம் சொன்னவை.

குளக்கரை ஓரிடத்தில் சரிந்ததால் அதைப் பார்க்கப் பொறியாளர் அம்மா வந்தார். சீப்பு தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அவரை நேராக நாலாம் மேடைக்கு அழைத்துப் போனான். அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் இவன் முகம் கோணியது. அவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். இங்கே நின்று யாரும் அடிப்பதில்லையா என்று கேட்டார்.

"ஒருத்தரைக்கூட விட்டதில்லைங்க," என்றான் சீப்பு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் கோபப்படவில்லை. இடது கோடியில் போய் நின்று, எங்களையும் கூப்பிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால், மரங்களுக்கும் குளத்துக்கும் நடுவே சாலை போட்ட மாதிரி புல்வெளி குழி வரைக்கும் ஓடியது.

"கட்டைய தினம் இங்கேயும் அங்கேயும் மாத்தி வெச்சா புல்லு தானா ஆறிக்கும். ஆனா அதுக்காக மட்டும் இவ்ளோ அகலம் போடலைங்க. தூரமா அடிக்க முடியாதவங்களுக்கும் ஒரு வழி வேணும்ல, அதுக்குத்தான் இந்தப் பக்கம்."

அந்த நேரத்தில் சீப்பின் கண் முன்னால் யார் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா போன பிறகு கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தவன், முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"நான் சிரிச்சேன்டா," என்றான் என்னிடம்.

மாமனாரை மறுபடி வரவழைக்க அவன் படாத பாடு பட்டான். கடைசியில் மகள் கெஞ்சியதற்காக வந்தார். கட்டைகள் இடது கோடியில் இருந்தன. அவர் பந்தை வைத்தார், முன்னால் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். பிறகு அடித்தார். அடி அப்படியொன்றும் பிரமாதமில்லை. பந்து தத்தித் தத்திக் குளத்தோரமாகவே போய், நனையாமல் அந்தப் பக்கம் சேர்ந்தது. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, தனக்காக மாப்பிள்ளை புதிதாக இடம் போட்டிருக்கிறார் என்று பெருமையடித்துக்கொண்டார்.

சீப்பு ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். நானாக இருந்தால் ஆட்டிவிட்டு, கிடைத்த நல்ல பெயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பேன்.

"புதுசில்ல மாமா," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "முதல்லேருந்தே இருக்கு. புல்லு கெட்டுடும்னு நான்தான் கயிறு கட்டி வெச்சிருந்தேன்."

மாமனார் மட்டையைத் தரையில் ஊன்றினார். வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அப்போ என் கை போகலையா?"

சீப்பு கூனிக் குறுகி நின்றான்.

"இதை வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அப்பாவுக்குக் கை போயிடுச்சுன்னு அழுதது அவதான்."

பிறகு பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு பந்தை நோக்கி நடந்தார். சீப்பு பின்னாலேயே ஓடிப் பையைக் கேட்டான். அவர் தரவில்லை.

அன்று வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் புல்வெட்டும் வண்டியின் சத்தம் நிற்கவில்லை. காலையில் வெட்டிய இடத்தையே அவன் மறுபடி வெட்டிக்கொண்டிருந்தான். நான் போய் வண்டியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினேன். அவகிட்ட எப்படிடா சொல்வேன் என்று கேட்டான்.

"வாயாலதான். கிளம்பு," என்றேன்.

குழாயடியில் வெகுநேரம் கையைக் கழுவினான். பிறகு, வந்த பேருந்தில் ஏறாமல், வீட்டுக்கு நடந்தே போனான்.