தண்ணி தெரியல

மீட்பு ஹெலிகாப்டரின் கதவோரம் குப்புறப் படுத்துக் கீழே பார்ப்பதுதான் அவன் வேலை. சந்தேகம் வந்தால் இறங்க விடாமல் நிறுத்துவதால், கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘பிரேக்’. விமானி அவன் மனைவியின் அண்ணன். வீட்டில் மாப்பிள்ளையின் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடல்மேல் மட்டும் நிலைமை வேறு. குறித்த உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டுமானால் உயரமானி சரியாகக் காட்ட வேண்டும். கதவோரம் இருப்பவன் “தண்ணி தெரியுது” என்றும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மேலே ஏறிவிட வேண்டும்.

அன்று காற்றே இல்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. கவிழ்ந்த படகு ஒன்று அந்தரத்தில் தொங்குவதுபோல் இருந்தது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்தவன் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, இறங்கவா?”

“படகு தெரியுது மச்சான். தண்ணி தெரியல. உயரமானி முள் என்ன காட்டுது?”

“ஆடிக்கிட்டே இருக்கு.” விமானியின் குரல் இறுகியது. “ஆளு கண்ணு முன்னாடி இருக்கான்யா. தெரியுதுன்னு சொல்லு.”

கதவோரம் இருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். எங்கே காற்று முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்று பிடிபடவே இல்லை.

“தெரியல. ஏத்துங்க மச்சான்!”

ஹெலிகாப்டர் உறுமிக்கொண்டு எழும்பியது. தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்த படகுக்காரன், அந்தச் சத்தத்தின் பின்னாலேயே கடலில் குதித்துவிட்டான்.

அவன் விழுந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை விரிந்தது. கதவோரம் இருந்தவன் எட்டிப் பார்த்தான். இவ்வளவு ஏறிய பிறகும் தண்ணீர் இத்தனை கிட்டத்திலா!

“தண்ணி தெரியுது! ரொம்பக் கிட்ட இருக்கு. அப்படியே நில்லுங்க. கொஞ்சம் வலது பக்கம்... முள்?”

“ஆட்டம் நின்னுடுச்சு. சரியா காட்டுது.”

“மெதுவா இறங்குங்க. போதும், போதும்!”

கயிற்று வளையம் இறங்கியது. கீழே இருந்தவன் ஒருமுறை முங்கிப் போனான். தலை வெளியே வந்தது. ஒரு கை வளையத்துக்குள் நுழைந்தது, பிறகு மற்றது.

உள்ளே இழுத்துப் போட்டதும் படகுக்காரன் இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “ஏன்யா விட்டுட்டுப் போனீங்க?”

தரையிறங்கிய பிறகும் விமானி இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. “என் பேச்சைக் கேட்டு நீ சரின்னு சொல்லியிருந்தா, தங்கச்சி மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்...” என்றார். இறங்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் படகுக்காரன் இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னும் இறங்கியிருந்தா மூணு பேருமே போயிருப்போம்ணே,” என்றான் இவன்.

“இருக்கலாம். எனக்குச் சத்தம் தூரமா போனதுதான் கேட்டுச்சு.”

இவன் போகாமல் அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, படுத்திருந்தவன் காலை மடக்கி, கட்டில் ஓரத்தில் இவன் உட்கார இடம் விட்டான்.