டைனிங் டேபிளுக்கு எதற்கு யானைக்குட்டி?

போன வியாழக்கிழமை சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து தங்கை வித்யாவின் குரல்.

"அக்கா, டைனிங் டேபிள் விரிப்புக்கு எதுக்கு யானைக்குட்டி?"

கடுகு கருகிவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ண என் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். நான் மூடி வைக்க மறந்த ஃபைல் அப்படியே அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வித்யாவுக்கு இது ஏழாவது மாதம். மாப்பிள்ளை வேலை பார்ப்பது டென்மார்க்கில். அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்த ஞாபகம், என் வீட்டுக்காரரையும் சேர்த்து, எங்கள் மூவரோடும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறது.

குழந்தை பிறக்குமுன் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். முதல் துணிகூடப் பழைய வேட்டியில் கிழித்ததுதான். நாங்கள் ஒரு படி மேலே போய்விட்டோம் — குழந்தையைப் பற்றிப் பேசுவதே இல்லை! மாத்திரை போட்டியா, மோர் குடிச்சியா... அவ்வளவுதான். புத்தூர் ஆஸ்பத்திரியில் செக்கப் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது, பாலம் வந்ததும் மூவரும் காவேரியில் எவ்வளவு தண்ணீர் என்று பேச ஆரம்பித்துவிடுவோம்.

ஆனால் என் கை சும்மா இருக்குமா? ஒட்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் 'க்வில்ட்' போர்வை என் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தை போகப்போவது டென்மார்க் குளிருக்கு. தொட்டில் அளவுக்கு ஒன்று. வித்யாவுக்குத் தெரியாமல் டிசைன் மட்டும் போட்டு வைப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் இலவச வெப்சைட். எவ்வளவு துணி வேண்டும் என்று அது கெஜத்தில் கணக்குச் சொல்கிறது. நம் கடையில் மீட்டரில் கிழிக்கிறார்கள். துணியின் அகலம், அதாவது பன்னா, எப்போதும் நாற்பத்து நாலு இஞ்ச் என்று அதுவாகவே முடிவு செய்துகொள்கிறது. முப்பத்தாறு இஞ்ச் பன்னாவும் உலகத்தில் உண்டு என்று அதற்கு யார் சொல்வது? அடுத்து ஒரு மொபைல் ஆப். அதில் மீட்டர் உண்டு, அகலமும் மாற்றலாம். ஆனால் துணிக் கட்டத்தின் அளவைத்தான் கேட்கும். நாலு பக்கமும் தையலுக்கு விடுகிற கால் இஞ்சை மறந்துவிடும். கடைசியாகக் காசு கட்டும் சாஃப்ட்வேர், முப்பது நாள் ட்ரயல். யானைக்குட்டியை வரைந்தால் எந்த நிறம் எத்தனை மீட்டர் என்று பிரித்தே தருகிறது. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றிலும் போட்டு, கிராஃப் பேப்பரிலும் போட்டு, மறுபடி முதலிலிருந்து...

"வீடு கட்டுறவன்கூட இவ்ளோ பிளான் போட மாட்டான் உமா. துணி எடுத்துட்டியா, இல்லியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எடுக்கத்தான், வழக்கத்தையும் மீறி, பெரிய கடைவீதிக்கு ஒருநாள் போனேன். அளவைக் கேட்டதும் கடைக்காரர், "குழந்தைக்கா மேடம்?" என்றார். "இல்லல்ல... டைனிங் டேபிளுக்கு!" என்று சொல்லிவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஃபைலுக்கும் அதே பெயரை வைத்தேன். யாருக்குத் தெரியாமல் மறைத்தேன்? விதிக்கா? அதற்கு ஃபைல் பெயரை வாசிக்கத்தான் நேரமா?

உண்மை என்ன தெரியுமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வரை கத்திரிக்கோலைத் தொட வேண்டியதில்லை. தொடங்காத ஒன்று பாதியில் நிற்காது. எனக்கு அவ்வளவு பயம்.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். வித்யா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலடிக்கு மூணடி போட்டிருக்கே. நம்ம டேபிள்ல ஆறு பேர் உக்காரலாமேக்கா?"

அவள் அழுதுவிடுவாள், இந்த நிலையில் அழக் கூடாதே என்று மட்டும் ஓடியது. அழத்தான் செய்தாள். ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு இல்லை.

"நீ, மாமா... யாருமே வாயே திறக்கலை. இந்தத் தடவையும் நிக்காதுன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்கா. ராத்திரியில அது உதைக்கிறப்ப யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

அவளைக் காப்பாற்றத்தான் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டோம். அவளோ அந்த மௌனத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லுடி" என்றேன். "எப்ப உதைச்சாலும் எழுப்பு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மௌஸைப் பிடித்தாள். "பொறக்கிறதுக்கு முன்னாடி வாங்கத்தானே கூடாது? கணக்குப் போட்டு வைக்கலாம்ல?"

எந்த சாஸ்திரமும் தடுக்கவில்லை! யானைக்குட்டியைச் சாம்பலிலிருந்து மஞ்சளாக்கினாள். மஞ்சள் யானையா என்று கேட்க வாய் துறுதுறுத்தது; கேட்கவில்லை. ஃபைல் பெயரை அழித்து, 'பாப்பா போர்வை' என்று அடித்தாள். பிறகு சேதாரக் கட்டத்துக்கு வந்தாள். வெட்டும்போது வீணாகும் துணிக்காகக் கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்கும் இடம் அது. வழக்கமாகப் பத்து சதவீதம். நான் போட்டிருந்தது நாற்பது.

"நாப்பதா? எதுக்குக்கா இவ்ளோ?"

"பயம்தான்."

நாற்பதை அழித்துவிட்டுப் பத்து போட்டாள்.

"சுத்தமா எடுக்க வேணாம். எனக்கும் பயம் இருக்குல்ல."

துணி இன்னும் வாங்கவில்லை. பயமும் போய்விடவில்லை... ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் அதற்கு இடம் கிடையாது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.