அரிசிக்கடைத் தொலைபேசி

பதினைந்து வருஷம் ஒரே பலகையில் என்னோடு தோள் உரச உட்கார்ந்து கப்பலுக்குத் துரு தட்டியவளின் பெயர் எனக்குத் தெரியாது. தொங்சூவின் அம்மா, அவ்வளவுதான். பூசான் துறைமுகத்து யோங்தோத் தீவில் பிள்ளை பெற்றவளுக்குத் தனியாகப் பெயர் எதற்கு? எண்பத்து மூன்றாம் வருஷம் ஓர் அட்டையில் எழுதவேண்டி வந்தபோதுதான் கேட்டேன். "ஹாம் கில்னியோ" என்றாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்பவள் மாதிரி.

வடக்கே ஹுங்னாம் பக்கத்துக்காரி. வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை மூண்ட ஐம்பதாம் வருஷம் மார்கழிக் குளிரில் அகதிக் கப்பலில் ஏறியபோது அவளுக்குப் பதினைந்து வயது, தங்கை இன்சுனுக்கு ஒன்பது. அம்மாவுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. தன் மேல்சட்டையின் கட்டுநாடாவைக் கிழித்து இரண்டு பிள்ளைகளின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு, "தப்பித்தவறிப் பிரிஞ்சிட்டீங்கன்னா யோங்தோப் பாலத்துல போய் நில்லுங்க" என்று சொல்லி அனுப்பினாளாம். வடக்கத்திக்காரர்களுக்கு பூசான் நகரத்தில் தெரிந்த ஒரே இடம் அந்தப் பாலம்தான். கப்பல் போக வழிவிட்டு வானத்தைப் பார்க்கத் தூக்கும் பாலம் என்று கதை கேட்டிருந்தார்கள். ஆயிரம் அம்மாக்கள் ஆயிரம் பிள்ளைகளுக்கு அதே பாலத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கரை இறங்கும் முன்பு தண்ணீர் பிடிக்க வேண்டுமென்று கில்னியோ முடிச்சை அவிழ்த்தாள். திரும்பி வந்தபோது தங்கை இருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு அவள் பாலத்தை விட்டு நகரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். கைப்பிடிக் கம்பி முழுக்கக் காணவில்லைச் சீட்டுகள். கீழே வரிசையாகக் குறிகாரர்கள். வாற்கோதுமை பழுக்கும்போது வருவாள் என்று ஒருத்தன் சொன்னான். எத்தனை அறுவடை போயிற்று! பாலத்தடிக் குடிசை மலைச்சரிவுக் குடிசையாயிற்று, கல்யாணம் ஆயிற்று, தொங்சூ பிறந்தான், மீன்பிடிக் கப்பலில் போன புருஷன் திரும்பவில்லை. அறுபத்தாறில் பாலத்தைத் தூக்குவதையே நிறுத்தினார்கள். அவள் அங்கேதான் இருந்தாள். வளர்ந்த பிள்ளை தொங்சூ, "உல்சானுக்கு வாம்மா, அங்க வீடு பார்த்திருக்கேன்" என்று கெஞ்சினான். தீவை விட்டுப் போகிறவனை, அதைக் காக்கும் மலைத்தாய் மூன்றே வருஷத்தில் ஓட்டாண்டி ஆக்கிவிடுவாள் என்று யோங்தோவில் ஒரு பயம் உண்டு. அதைத்தான் அவனிடம் சாக்காகச் சொன்னாள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தங்கை வந்து பாலத்தில் நின்றால் அக்கா இருக்க வேண்டுமே!

எங்கள் வேலையைச் சொல்கிறேன். பழுதுக்கு வரும் கப்பலின் தளத்திலிருந்து கயிற்றில் ஒரு பலகை தொங்கும். இரண்டு பொம்பளைகள் அதில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை இரும்பைச் சுத்தியலால் கொத்துவோம். துருவும் சிப்பியும் முகத்தில் தெறிக்கும். சத்தமா, அது சாவுச் சத்தம். நான் ஜேஜுத் தீவில் கடலில் மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுத்தவள், காதின் அருமை தெரியும், பஞ்சு அடைத்துக்கொள்வேன். அவள் கேட்டால்தானே! "தலை வலிக்குது அக்கா, அடைச்சா" என்பாள். நாற்பது தாண்டியபோது இரண்டு காதும் போய்விட்டது; காதில் வாயை வைத்துக் கத்தினால் மட்டும் ஏதோ புரியும்.

காது போனவளை மேஸ்திரி பலகையில் ஏற்றமாட்டான். மேலிருந்து "தூக்கறோம், பிடிச்சுக்கோ" என்று கத்துவது கேட்காவிட்டால் உயிர் போய்விடும். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் உட்காருவேன், குரல் வந்தால் முழங்கையால் இடிப்பேன். மற்ற நேரம் யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஆமா ஆமா" என்றுவிடுவாள். கப்பல் துறையில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். வம்புக்காரிகள் அவளைச் சீண்டுவார்கள். "தொங்சூ அம்மா, மேஸ்திரியைக் கட்டிக்கிறியா?" "ஆமா ஆமா!" நானும் சிரித்திருக்கிறேன், பாவி.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் தொலைக்காட்சியில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. நாடே அழுதது. நான்தான் அவளை பூசான் தொலைக்காட்சி நிலையத்து வாசலுக்கு இழுத்துப்போனேன். ஒரு நாள் முழுக்க வெயிலில் அட்டையைப் பிடித்து நின்றதற்கு நாலு நொடி காட்டினார்கள். ஹாம் கில்னியோ, தங்கை ஹாம் இன்சுன், ஹுங்னாம். கீழே எங்கள் தெரு அரிசிக்கடைக்காரரின் தொலைபேசி எண்.

ஒன்பதாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரிசிக்கடைக்காரர் செருப்பில்லாமல் துறைக்குள் ஓடி வந்தார். "போன் வந்திருக்கு! வொன்ஜுவுலேருந்து ஒரு பொம்பளை! லைன்லயே இருக்கா, ஓடி வாங்க!"

"தங்கச்சி" என்று அவளுக்கு வாயசைத்துக் காட்டினேன்; சோற்றுக்கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். பின்னாலேயே மேஸ்திரியும் வந்து கடை வாசலில் நின்றான். நாசமாய்ப் போகிறவன் எதற்கு வந்தான் என்று அப்போதே எனக்கு எரிந்தது.

நான் பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன். அவள் கொடுக்கவில்லை. துரு அப்பிய கையால் பிடுங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்து லைன் என்பதால் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தது. ஒட்டி நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கப்பல்ல முடிச்சை அவுத்தது நீதானே? சொல்லு, அக்காதானே?"

"ஆமா ஆமா" என்றாள் கில்னியோ. கண்ணீர் கொட்டியது.

முடிச்சு விஷயம் அவள் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளே! இன்சுனே!

அந்தக் குரலும் உடைந்துபோய் அழுதது. பிறகு தன்னை அடக்கிக்கொண்டு பேசியது. "கோச்சுக்காதேக்கா. இதுக்கு முன்னால ரெண்டு பேரு அக்கான்னு சொல்லி ஏமாத்திட்டாங்க. முடிச்சுக் கதையை நானே டி.வி.ல சொல்லித் தொலைச்சிட்டேன், அதான் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதனால கேக்கறேன். நம்ம அப்பா பள்ளிக்கூட வாத்தியார்தானே?"

அப்பா மீன் காயப்போடுகிறவர்.

"ஆமா ஆமா."

"நமக்கு மூத்த அண்ணன் ஒருத்தன் இருந்தான், இல்ல?"

அண்ணனே கிடையாது.

"ஆமா ஆமா."

நான் கையை நீட்டினேன். நீட்டியபோது வாசலில் நின்ற மேஸ்திரி கண்ணில் பட்டான். சொந்தத் தங்கையோடு அவளால் பேசமுடியாமல் நான் போனைப் பிடுங்கினால் அங்கேயே குட்டு உடைந்துவிடும், நாளைக்கு அவளுக்குப் பலகை இல்லை, சோறு இல்லை. இதெல்லாம் எவ்வளவு நேரம் யோசித்தேன்? ஒரு மூச்சு விடும் நேரம் இருக்குமா? கை பாதியில் நின்றது.

"அம்மாவும் நம்மகூடக் கப்பல்ல வந்தாங்கதானே?"

"ஆமா, ஆமா!"

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு அடங்கிய குரலில், "நீயும் ஒரு பொம்பளைதானா? உனக்கெல்லாம் நல்ல சாவே வராதுடி" என்று கேட்டது. லைன் அறுந்தது. அதற்குப் பிறகும் கில்னியோ "ஆமா ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அரிசிக்கடைக்காரர்தான் மெல்ல அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

மேஸ்திரி உள்ளே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏம்மா, நீ வாங்கிப் பேசியிருக்கக் கூடாதா? அவளுக்குத்தான் காது சுத்தமாக் கேக்காதே!"

"உனக்கு... தெரியுமா?"

"ஏழு வருஷமாத் தெரியும். நீ இடிச்சு இடிச்சு உக்கார வைக்கறது மேலேருந்து தெரியாதா? புள்ளகுட்டிக்காரின்னு சும்மா இருந்தேன்."

அவனை அடிக்கலாம் போலிருந்தது. என்னை அடித்துக்கொள்ளத்தான் நியாயம்.

கில்னியோ எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப வர்றாளாம்?" என்று கேட்டாள். அவள் காதில் வாயை வைத்து, மூன்று பொய்க் கேள்வியையும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். அரிசி மூட்டைமேல் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்பார்களே, அது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மறுபடி அட்டையோடு மூன்று தடவை போய் நின்றோம். தொங்சூ வொன்ஜுவில் தெருத்தெருவாகத் தேடினான். அந்தப் பெயரில் யாரும் அகப்படவில்லை; டி.வி. நிலையத்தில் கேட்டால், தன் விலாசத்தை யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். தேடுகிறவளைக் கண்டுபிடிக்கலாம், ஒளிகிறவளை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? இன்சுன் கணக்கில் நாங்கள் மூன்றாவது ஏமாற்றுக்காரர்கள்.

இரண்டு மாதம் போனது. குளிர் தொடங்கிய ஒரு நாள் மத்தியானம் பலகையில் உட்கார்ந்து சோறும் நெத்திலியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கில்னியோ சாப்பிடுவதை நிறுத்தினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுவாள்; அன்று முனகினாள்.

"அக்கா, அவ கேட்ட மூணையும் நீ ஒரு எழுத்து விடாம சொன்னியே. அப்போ மொத கேள்வியிலேருந்து நீ கேட்டுக்கிட்டுதானே நின்ன?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அவள் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். சாயங்காலம் வரை வேலை பார்த்தாள், மேலிருந்து குரல் வந்தபோதெல்லாம் நான் இடித்தேன், அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை மேஸ்திரியிடம் போய், தன்னை வேறு யாரோடாவது உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.