அஞ்சம்மாள் பாத்தியின் சிவப்புத் தண்ணீர்

கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணத்துக்கு வாழ வந்த நாள் முதல், தெய்வநாயகி வாரும் உப்புக்கு உப்பளத்தில் தனிப் பெயர் உண்டு. உப்பு வாரியதும் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை அன்றைக்கே வரப்பை வெட்டி வெளியே விட்டுவிடுவாள். அவள் உப்பு மல்லிப்பூ நிறம். பக்கத்துப் பாத்திக்காரி அஞ்சம்மாளோ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம். அவள் பாத்தித் தண்ணீர் செக்கச்செவேலென்று தேங்கிக் கிடக்கும்.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் மெட்ராஸ் காலேஜிலிருந்து ஞானாம்பாள் என்ற டீச்சரம்மா மைக்ராஸ்கோப்போடு வந்து இறங்கினாள். அந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் நிறம்தானாம். ஒவ்வொன்றின் வாலடியிலும் புரதத்தால் ஆன மோட்டார் ஒன்று சுழல்கிறதாம். அதைப் பிரித்து, எந்தப் புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு அவள் மொண்டது அஞ்சம்மாள் பாத்தித் தண்ணீரை! தினமும் அஞ்சம்மாளுக்கு நாற்காலி, டீ, மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை.

தெய்வநாயகிக்கு வயிறு எரிந்தது. உழைக்கிறவள் வெயிலில் நிற்க, சோம்பேறிக்கு நாற்காலியா? அஞ்சம்மாளாவது நாலைந்து நாள் கழித்துத் தண்ணீரை வெட்டி விடுவாள்; அன்றிலிருந்து இவள் வெட்டி விடவே இல்லை. பாத்தி சிவந்தது. உப்பும் கசந்தது. கணக்குப்பிள்ளை கலியன் ஒரு கல்லை வாயில் போட்டுத் துப்பினான்.

"இன்னாம்மா, உன் உப்பா இது?"

அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு, செம்பு நிறையத் தண்ணீரை டீச்சரம்மாவிடம் நீட்டினாள். டீச்சரம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரொம்பக் கசப்பேறிப் போச்சுங்க. இதுல எதுவுமே நீந்தலை."

அஞ்சம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "வாக்கா, என்னுதைப் பாரு. ஒண்ணோட வாலு கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. வாலைச் சுத்த முடியாம மோட்டாரு ஒடம்பையே சுத்துது."

தெய்வநாயகி குனிந்தாள். அந்தத் துளி உடம்பு விடாமல் சுற்றியது, சட்டென்று நின்றது, எதிர்ப்பக்கம் சுற்றியது. அவ்வளவு அழகான ஒன்றை அவள் ஆயுசில் கண்டதில்லை. அது அஞ்சம்மாளுடையது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் தெரியலை," என்றாள்.

"ஐயோ, கண்ணு மங்கிடுச்சாக்கா? நீ ஒக்காரு. நான் பாத்துச் சொல்றேன்."

அந்தக் கோடை முழுக்க அஞ்சம்மாள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். தெய்வநாயகி அதே நாற்காலியில் உட்கார்ந்து, "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.