பூந்திக்கொட்டைச் சாறு

நெல் இலையில் தண்ணீர் நிற்காது. முத்தாக உருண்டு விழுந்துவிடும். அதனால் வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள் அதில் சோப்பைக் கரைத்துக்கொள்வார்கள். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்று, குடவாசலை அடுத்த எங்கள் ஊருக்குத் திரும்பிய எனக்கு, சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாறு காய்ச்சிக் கொடுக்கும் ஆசை வந்தது. அண்டாவில் கொதிக்கவைத்து வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் குலுக்குவேன். ஐந்து நிமிடம் கழித்தும் நுரை விரல் உயரம் நின்றால் சாறு தேறியது. இலையில் ஒரு சொட்டு விட்டால் படர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

செடிச்சாறு, யாருக்கும் கெடுதல் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பூந்திக்கொட்டை மீனைக் கொல்லும் என்று படித்திருந்தும் சொன்னேன்.

ஒரு கோடைக் கடைசியில் இரண்டு அண்டாச் சாறு கெட்டுப்போனது. சுமந்துபோய்த் திடலில் ஊற்றச் சோம்பல்பட்டு, கொல்லை வாய்க்காலில் கவிழ்த்தேன். அது குளத்தில் போய் விழுகிற வாய்க்கால். குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. மறுநாள் காலை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. அவற்றை வளர்த்த அம்மாள் கரையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் ஒருவரைச் சூழ்ந்துகொண்டது. அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலிக்கு உழைத்தவர். இவர் சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர். ஊர் மதகின் சாவியும் இவரிடம்தான் இருந்தது. முந்தின நாள் நாற்றங்காலுக்கு மருந்து அடித்திருந்தார்.

"தெளிப்பானைக் கொளத்துலதானே கழுவுன?"

"இல்லைங்க. போர்செட்டுல கழுவுனேன்."

"மதகுச் சாவி கையில இருந்தா கொளமும் உன்னுதாயிடுமா?"

"சார்கிட்ட தண்ணியக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அவர் சொல்றத ஒத்துக்கறேன்" என்றார் அவர்.

ஒரு பாட்டில் தண்ணீரை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அதே கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் குலுக்கினேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். நுரை இறங்கவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளக்கரைக்குப் போனேன்.

"மருந்துதான்" என்றேன்.

சொன்னபடியே அவர் ஒத்துக்கொண்டார். அன்று மாலையே சாவியை வாங்கிவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில் அவர் காலிக் கேனோடு என் வீட்டுக்கு வந்தார். "மருந்து சகவாசமே வேணாம் சார். உங்க சாறு குடுங்க. வேப்பெண்ணெயோட கலந்துக்கறேன்."

நிரப்பிக் கொடுத்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "கேனைக் கொளத்துல மட்டும் அலசாதப்பா."

"கொட்டைத் தண்ணிதானே சார். அதனால கொளத்துக்கு என்ன?"

என் கண் தானாகக் கொல்லைப் பக்கம் போனது. அவரும் கொல்லையைப் பார்த்தார். அங்கே கவிழ்ந்திருந்த அண்டாக்களையும் அவற்றை ஒட்டி ஓடும் வாய்க்காலையும் பார்த்தார். கேனைக் கீழே வைத்தார்.

"வரேன் சார்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் ஊர் என்னைத்தான் நம்பும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மதகுச் சாவி இன்றும் வேறு ஆளிடம்தான் இருக்கிறது.